பேராவது இருக்கட்டும்

அந்தக் குடியிருப்பில் ஆட்கள் சாவார்கள், எல்லா ஊரிலும் சாவதைப் போலத்தான். ஆனால் வாக்காளர் பட்டியலிலிருந்து மட்டும் லேசில் போக மாட்டார்கள். அதற்குக் காரணம் பட்டியல் அக்கா.

அக்காவின் நிஜமான வேலை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பேர், வயது, உடம்புக்கு என்ன என்று கேட்டு எழுதிக் கொடுப்பாள். பட்டியல் வேலை வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். நகராட்சி ஆபீஸில் ஒரு கட்டுத் தாளும் அளவுகோலும் சிவப்புப் பேனாவும் கொடுத்து அனுப்புவார்கள். வீடு வீடாகப் போய், தாளில் இருக்கிற ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இறந்துவிட்டார் என்றால் வீட்டாரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கி, அளவுகோலை வைத்துப் பேரின் மேல் சிவப்பாக ஒரு கோடு, ஓரத்தில் அக்காவின் சின்னக் கையெழுத்து. ஒரு மனுஷனை ஊர்க் கணக்கிலிருந்து அனுப்பிவைக்க அரை நிமிஷம் போதும்.

அந்த அரை நிமிஷம் அக்காவுக்கு முதல் வருஷமே கைகூடவில்லை. எதிர்வீட்டு அம்மாவின் மகன் பத்தொன்பது வயதில் காகித ஆலையில் கட்டு சரிந்து விழுந்து இறந்திருந்தான். அவன் பேர் பட்டியலில் ஏறியதே அந்த வருஷம்தான். அக்கா அளவுகோலை எடுத்ததும் அந்த அம்மா தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எடுத்துடாதேம்மா. பள்ளிக்கூடத்துல எடுத்துட்டாங்க, ஆலையில எடுத்துட்டாங்க. இதுலயாவது அவன் பேர் இருக்கட்டும். யாருக்கு என்ன கெட்டுப்போகுது?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகிற மாதிரித் தெரியவில்லை. செத்தவன் எழுந்து வந்து கள்ள ஓட்டா போடப் போகிறான்? தேர்தலன்று சாவடியில் ஒரு கண் வைத்திருந்தால் ஆயிற்று. அளவுகோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இந்த மாதிரிச் சமாசாரம் சுவர் தாண்ட எவ்வளவு நேரமாகும்? அடுத்த வருஷம் மேல் வரிசை வீடுகள், கீழ் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. "அந்தப் பையன் பேரை மட்டும் விட்டுவச்சே, எங்க வீட்டுக்காரர் உனக்கு என்ன பாவம் பண்ணாரு?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. இல்லை என்று சொல்லும் நாக்கு அக்காவுக்கு ஆண்டவன் வைக்கவில்லை. ஒரு வீட்டில் மாமனார், இன்னொரு வீட்டில் தங்கை, ஒரு வீட்டில் ஒரே வாரத்தில் போன கணவன் மனைவி என்று பேர்கள் சேர்ந்துகொண்டே போயின.

ஐந்தாவது வருஷம் அக்காவின் கணவரே நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் அக்கா தன் வீட்டுப் பக்கத்தைத் திறந்தாள், அளவுகோலை வைத்தாள், மூடிவிட்டாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் பேருக்கு வாக்காளர் சீட்டு வரும். அதை அவருடைய மூக்குக் கண்ணாடி இருக்கிற தகர டப்பாவில் போட்டு வைப்பாள். அவரைப் பேர் சொல்லித் தேடி வருகிற காகிதம் வேறெதுவும் மிச்சமில்லை.

ஆபீஸில் வருஷா வருஷம் புதுச் சிவப்புப் பேனா கொடுத்தார்கள். அக்காவுக்குப் பழையதே தீரவில்லை. மீந்ததையெல்லாம் பேத்தி படம் வரைய எடுத்துக்கொண்டாள்.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. பிறகுதான் நகராட்சி அந்த முடிவை எடுத்தது. ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடிவிடுவது. பிள்ளை பெறுகிறவர்கள் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்வது.

 அக்காவின் மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிரசவத்தில் குழந்தை நல்லபடியாகத்தான் வந்தது, ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவே இல்லை. பிரசவ அறைக்கு எதிர்க் கதவு ஆபரேஷன் அறை. அதற்கு அடுத்த கதவுக்குப் பின்னால் ரத்தம் வைக்கிற ஃப்ரிட்ஜ். மகள் இன்றைக்கு உயிரோடு நடமாடுவது அந்த மூன்று கதவுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான். வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருந்தார்.

"அடுத்தது வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வலி எடுத்துச்சுன்னா பத்து நிமிஷத்துல இவ இங்க இருக்கணும். பதினஞ்சு கூட ஆகக் கூடாது."

பெரிய சிஸ்டர் சும்மா விடுகிற ஆளில்லை. சட்டப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, ஊரிடம் கையெழுத்து வாங்கி, நகராட்சி முடிவை வாக்கெடுப்புக்கு விட வைத்துவிட்டார். வார்டு வேண்டுமா வேண்டாமா, ஊரே சொல்லட்டும். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேராவது வந்து ஓட்டுப் போட வேண்டும். பாதி வராவிட்டால் வாக்கெடுப்பே செல்லாது, நகராட்சி முடிவே நிற்கும்.

நகராட்சித் தலைவர் விவரமானவர். வார்டை மூடச் சொல்லி ஒரு கூட்டம் போடவில்லை, ஒரு சுவரொட்டி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் ஊருக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தவன் ஓட்டுப் போடவும் வந்திருப்பான். அவர் வாயே திறக்கவில்லை. "விருப்பம் இருக்கிறவங்க போய்ப் போடட்டுமே" என்று ஒரே ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். குடியிருப்பிலிருந்து சாவடிக்குப் போகிற நகராட்சி பஸ் மட்டும் வாக்கெடுப்பு வாரம் பார்த்துப் பழுதானது.

அக்கா ஒரு மாதம் நடையாய் நடந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலை மூடியதும் கிளம்பிவிடுவாள். எல்லாருக்கும் அவளைத் தெரியும், எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், யாரும் பிடி கொடுக்கவில்லை.

மேல் வரிசைத் தையல்காரர் ஊசியில் நூல் கோர்த்தபடியே சொன்னார்: "எனக்கென்ன, பிரசவமா பார்க்கப் போறாங்க? பொம்பளைங்க விஷயம். பொம்பளைங்க போய்ப் போடட்டும்."

"நீங்க வானத்துல இருந்தா குதிச்சீங்க? அந்த வார்டுலதானே உங்க நாலு பிள்ளைங்களும் பிறந்துச்சு!"

"பிறந்தாச்சே அக்கா. இனிமே எதுக்கு?"

சிலர் முந்தின தேர்தல்களைப் பற்றிப் புலம்பினார்கள். இவனுக்குப் போட்டோம், அவனுக்குப் போட்டோம், குழாயில் என்ன தண்ணியா வந்துவிட்டது என்றார்கள். அக்கா வீட்டுக் குழாயிலும் வரவில்லைதான். நிறையப் பேர் சொன்னது வேறு. "வார்டு வேணும்னுதான் ஊரே சொல்லப் போகுது. ஜெயிச்ச மாதிரிதான். நான் ஒருத்தன் போகலைன்னா என்ன ஆயிடும்?" இப்படிச் சொன்னவர்களைத்தான் அக்கா அதிகமாக நம்பினாள். நம் பக்கத்து ஆட்கள்தானே, அன்றைக்கு எழுந்து வந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். வேன் ஓட்டுகிற மருமகனும் அந்தக் கட்சிதான்.

"சாயங்காலம் ஒரு சவாரி இருக்கு அத்தை. முடிச்சுட்டு நேரா வந்து போட்டுடறேன்."

"ஆறு மணிக்கு மூடிடுவாங்க மாப்பிள்ளை."

"அதெல்லாம் வந்துடுவேன் அத்தை. எனக்கில்லாத அக்கறையா?"

வாக்கெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழையின் மேல் பழி போடவும் வழியில்லை. துணி காயப் போடுவதற்கென்றே செய்த மாதிரி வெயில். ஊரும் துணிதான் காயப் போட்டது. அக்காவும் மகளும் காலையிலேயே கிளம்பினார்கள். பஸ் இல்லை, இரண்டு கிலோமீட்டர் நடை. சாவடி பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில். கீழே அத்தனை வகுப்பறைகள் பூட்டிக் கிடக்க, எந்தப் புண்ணியவான் மாடியைத் தேர்ந்தெடுத்தானோ தெரியவில்லை. மகள் ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள்.

"வேண்டாம்டி, திரும்பிடலாம்" என்றாள் அக்கா.

"எனக்காக ஊரையே வரச் சொல்லிட்டு, நான் படி ஏற மாட்டேன்னா நல்லாவா இருக்கும்? கையைக் கொடும்மா."

போட்டுவிட்டுக் கீழே வந்து, மை வைத்த விரலை அம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அக்கா அப்புறம் சாவடியிலேயே இருந்துவிட்டாள், தன் பட்டியலில் இருக்கிற இறந்தவர்களின் பேரில் எவனும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள. ஒருவரும் கை வைக்கவில்லை. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். மருமகனின் வேன் ஆறே முக்காலுக்கு வந்தது.

மறுநாள் நகராட்சி மண்டபத்தில் அதிகாரி ஒரே மூச்சில் வாசித்தார். பட்டியலில் இருப்பவர்கள் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. பாதி, இரண்டாயிரத்து நூற்றாறு. வந்தவர்கள் இரண்டாயிரத்து எண்பத்து மூன்று. அதில் வார்டு வேண்டும் என்றவர்கள் இரண்டாயிரத்து முப்பத்தொன்று. இருபத்து மூன்று பேர் குறைவதால் வாக்கெடுப்பு செல்லாது.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. வந்தவர்களில் ஐம்பத்திரண்டு பேர்தான் எதிர்ப்பக்கம். அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். பெரிய சிஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தையல்காரர்கூட வந்திருந்தார், வேடிக்கை பார்க்க. "இருபத்து மூணு பேர்தானா? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். அக்காவுக்கு அவரை அடிக்கலாம் என்று தோன்றியதோடு சரி.

வீட்டுக்கு வந்து, மகளின் வாக்காளர் சீட்டை எடுத்து வைக்கத் தகர டப்பாவைத் திறந்தாள். மேலேயே கணவரின் சீட்டு இருந்தது, இந்த வாக்கெடுப்புக்கு வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. இவர் வரவில்லை. நேற்றைக்கு வராதவர்களில் இவரும் ஒருத்தர்.

பட்டியல் நகலை எடுத்து விரித்து, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். எதிர்வீட்டுப் பையன் வரவில்லை. மேல் வரிசை மாமனார் வரவில்லை. ஒரே வாரத்தில் போன இருவரும் வரவில்லை. ஐம்பத்தெட்டு புள்ளி. ஐம்பத்தெட்டையும் கழித்துப் பாதி போட்டாள். இரண்டாயிரத்து எழுபத்தேழு. வந்தவர்கள் இரண்டாயிரத்து எண்பத்து மூன்று. ஆறு பேர் அதிகம்.

தப்பாகப் போட்டோமோ என்று மறுபடி போட்டாள். மூன்று தடவையும் அதே ஆறுதான் வந்தது.

மறுநாள் பெரிய சிஸ்டரிடம் போய்ச் சொல்லி அழுதாள். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அதிகாரியிடமும் கூட்டிக்கொண்டு போனார். வாக்கெடுப்பன்று பட்டியல் எதுவோ அதுதான் கணக்கு, பிறகு திருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"உயிரோட இருக்கிற ரெண்டாயிரம் பேர் வீட்ல உட்கார்ந்திருந்தாங்க அக்கா. அவங்களை விட்டுட்டு, செத்தவங்களைக் கட்டிக்கிட்டு அழறீங்களே" என்றார் பெரிய சிஸ்டர் வெளியே வந்ததும்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த இரண்டாயிரம் பேரை அக்கா உட்கார வைக்கவில்லை. இந்த ஐம்பத்தெட்டு பேரை அவள்தான் பிடித்து உட்கார வைத்திருந்தாள்.

அடுத்த மாதம் முதல் தேதி வார்டை மூடினார்கள். கட்டில்களை லாரியில் ஏற்றினார்கள், ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அக்காவின் சீட்டு ஜன்னல் மட்டும் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் திறந்திருந்தது. நாள் நெருங்கும்போது பெரிய ஊரில் ஓர் அறை எடுத்து மகளோடு தங்கிவிடுவதென்று முடிவு செய்து, அறைகூடப் பார்த்து வைத்தாயிற்று. போக வேண்டிய நாளுக்குப் பத்து நாள் முன்னால், மூன்று வாரம் முந்திக்கொண்டு, காலை பத்து மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது.

மருமகன் வேனைத் திருப்பினான். குடியிருப்பிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்டாவது நிமிஷம் தாண்டினார்கள். வார்டுப் பக்கத்துக் கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. மகள் அந்தப் பக்கம் பார்த்தாள். "வந்துட்டோமாம்மா?" என்று கேட்டாள், வலியில் எல்லாம் மறந்துவிட்டது போல. வேன் நிற்கவில்லை.

குழந்தை வேனிலேயே பிறந்தது. அழவும் அழுதது. அதற்குப் பிறகு இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருந்தது, நடுவில் ஒரு பாலத்தில் வேலை நடந்தது, ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் விட்டார்கள். அக்கா தன் புடவையையும் துண்டையும் கையில் கிடைத்த எல்லாவற்றையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மருமகன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் இருந்தது. பெரிய பெரிய அறைகள், வரிசை வரிசையாக ஃப்ரிட்ஜ். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனுஷன், அக்காவை உட்கார வைத்துத்தான் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து ஆபீஸில் மறுபடி ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார்கள். அக்கா வாங்கிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை யார் வீட்டிலும் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே படிவத்தை நீட்டினாள். சிலர் சண்டைக்கு வந்தார்கள், ஒருத்தி மண்ணை வாரித் தூற்றாத குறை. சண்டை பிடித்தவர்களிடம் அக்கா கணக்கைச் சொன்னாள். செத்தவங்க ரெண்டு பேர் சேர்ந்து பாதிக் கணக்கை ஒண்ணு ஏத்தி, உயிரோட படி ஏறி வந்த ஒருத்தரை இல்லேன்னு ஆக்கிடறாங்க, அவ்வளவுதான் என்றாள். எதிர்வீட்டு அம்மா மட்டும் சண்டை போடவில்லை. அக்கா அளவுகோலை வைத்ததும் பழைய மாதிரியே தாளின் மேல் கையை வைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

கடைசியாகத் தன் வீட்டுப் பக்கம். கணவரின் பேரின் மேல் கோடு போட்டாள். அது ஐம்பத்தெட்டாவது. அதற்கு இரண்டு வரி தள்ளி மகளின் பேர் இருந்தது. மருமகன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றவன், அளவுகோல் நகர்வதைப் பார்த்துவிட்டான்.

"அத்தை, அது வேண்டாம். ஊர்ல எல்லாருடையதையும் எடுத்துக்குங்க. அவ பேராவது இருக்கட்டும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஆறு மாதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் கோபமாகப் பேசவில்லை.

"இருந்தா அடுத்த தடவை வராதவங்க கணக்குல இவளும் இருப்பா, மாப்பிள்ளை. அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறிப் போட்டவ இவ. இவளை வராதவங்களோட உட்கார வைக்க என்னால முடியாது."

அவன் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டது.

அக்கா பேனாவை வைத்து இழுத்தாள். கோடு விழவில்லை. ஒன்பது வருஷம் தீராத பேனா, இந்த இரண்டு வாரத்தில் தீர்ந்துபோயிருந்தது. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பேத்தி ஒரு வீடு வரைந்து, அதன் கூரைக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடு கண்ணு."

"எதுக்கு?"

"ஒரு கோடு போடணும். ஒண்ணே ஒண்ணுதான்."

வாங்கிக் கோட்டைப் போட்டாள். ஓரத்தில் கையெழுத்தை வைத்தாள். பேனாவை மூடிப் பேத்தியிடமே திருப்பிக் கொடுத்தாள்.